நிரம்பாத குழி

1

முப்பத்தொன்பது மணித்தியாலமும் இருபது நிமிடமும். ஒரு கக்கூசில் ஊற்றிய பச்சைச் சாயம் அயல்வீட்டுக் கிணற்றுக்கு வந்துசேர எடுத்த நேரம் அது. இந்தக் கதை அங்கிருந்துதான் பிறந்தது. இதைவிட மரியாதையான இடங்களில் பிறக்கும் கதைகள் உண்டு. அவற்றை மற்றவர்கள் எழுதட்டும்.

சாயம் ஒருவருக்கும் கெடுதி செய்யாது. அதோடு சேர்ந்து வந்ததைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது.

2

முதலில் இப்படித் தொடங்கியிருந்தேன்:

வானத்திலிருந்து விழும் ஒவ்வொரு துளியும் தீராக் காதலோடு கல்லைத் தேடி—

[வெட்டியாயிற்று. துளியில் காதல் இல்லை. காபனீரொட்சைட்டுத்தான் இருக்கிறது.]

பிறகு இப்படி:

வெப்பமண்டல நாடுகளில் பாறைகள் இரசாயன முறையில் வானிலையாலழிகின்றன. அந்த வண்டலை ஆறுகள்—

[எந்த ஆறு? நான் இருப்பது சண்டிலிப்பாயில். வழுக்கையாறு மாரியில் மட்டும் தன்னை ஆறு என்று நினைத்துக்கொள்ளும்.]

எங்கள் உண்மையான ஆறு கல்லுக்குள் ஓடுகிறது. மழைநீர் மண்ணில் இறங்கி மெல்லிய அமிலமாகிச் சுண்ணாம்புக்கல்லைக் கரைக்கிறது. கரையாமல் எஞ்சியது செம்மண். அதில் வெங்காயமும் புகையிலையும் நடுகிறோம். கரைந்துபோன இடத்தில் பொந்து. ஊரில் ஒரு நாளும் லீவு எடுக்காமல் நடக்கும் வேலை அது ஒன்றுதான்.

3

இராசநாயகம் மாஸ்டர், இளைப்பாறிய அதிபர். வருகிறவர்களுக்கு வீட்டைச் சுற்றிக்காட்டும்போது கக்கூசுக் குழியில்தான் முடிப்பார். போன மாதம் அகப்பட்டவர் சுபாஸ்கரன், பந்தல்காரர்.

"பதினாலு வருசம், தம்பி. ஒரு நாளும் குழி இறைக்கிற பவுசர் இந்தப் படலைக்குள்ளை வந்ததில்லை."

"மெய்யே மாஸ்டர்? எங்கடை குழி மாரிக்கு மாரி பொங்குது."

"இது வெட்டேக்கை மேசன்ரை அலவாங்கு கையை விட்டு உள்ளுக்கை போட்டுது. விழுந்த சத்தம்கூடக் கேக்கேல்லை. ராசியான வளவு."

"அப்ப அலவாங்கு?"

"அது போனது போனதுதான்."

* அலவாங்கு என்ற அந்த இரும்புப் பாரை விழுந்தது கரைந்த கல்லின் பொந்துக்குள். ஒரு குழி பதினான்கு வருடம் நிரம்பவில்லை என்றால், போட்டது எல்லாம் வேறெங்கோ போகிறது. இதை அறியப் பட்டம் தேவையில்லை. எனக்குத் தேவைப்பட்டது.

4

வேறெங்கோ என்பது, மதிலுக்கு அந்தப் பக்கம், பிரதீபா அக்காவின் கிணறு. நல்ல தண்ணீர் என்று அயலட்டை முழுவதும் அள்ளும் கிணறு. மாஸ்டர் வீட்டுத் தேநீருக்கும் அங்கிருந்துதான் போகிறது.

அக்காவின் குழந்தைக்கு ஐந்து மாதம். மூன்றாம் தரமும் வயிற்றோட்டம்.

"உன்ரை கை துப்பரவில்லை," என்றார் மாமியார் நாகேஸ்வரி.

"கொதிச்ச தண்ணியிலைதான் மாமி பால் கரைக்கிறன். போத்தில் மட்டும்தான் கிணத்துத் தண்ணியிலை அலசுறது."

"அப்ப கிணத்திலையோ பிழை? என்ரை மூண்டு பிள்ளையளும் குடிச்சு வளந்த கிணறு!"

மதிலுக்கு மேலால் மாஸ்டரும் ஒரு சொல் உதவினார்: "இந்தக் காலத்துப் பெட்டையளுக்குப் பிள்ளை வளக்கத் தெரியாது."

[இந்த வரி என் கற்பனையாக இருந்திருக்கலாமே என்று ஆசைப்படுகிறேன்.]

5

எனவே ஒரு கதாநாயகியை உண்டாக்கினேன். தனுசியா. விஞ்ஞானப் பட்டதாரி, என்னைப் போல. நாலு பேர் முன்னால் நிமிர்ந்து பேசுவாள், என்னைப் போல அல்ல. அவள் மாஸ்டரின் கக்கூசில் சாயத்தை ஊற்றுகிறாள். குடத்தோடு போகும் சாட்டில் அக்காவின் கிணற்றில் போத்தல் போத்தலாக நீர் எடுக்கிறாள். பன்னிரண்டாவது போத்தல் நீல விளக்கின் கீழ் பச்சையாக ஒளிர்கிறது. அவள் படலையில் நின்று ஊருக்கே அறிவிக்கிறாள்.

தோழி தர்சிகா வாசித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டாள்.

"உவள் உந்த மனுசன்ரை கக்கூசுக்கை என்னெண்டடி போனவள்?"

"அவசரம் எண்டு கேட்டு."

"அயல்வீட்டுப் பெட்டை, விடியக்காலமை ஆறு மணிக்கு, சாயப்போத்திலோடை?"

"மழை பெய்தது."

"மழை பெய்தா?"

"அவளின்ரை வீட்டுக் கதவு பூட்டி…"

[இந்த வசனத்தை நான் முடிக்கவில்லை.]

"ஆரும் நம்பாயினமடி," என்றாள்.

6

முடிவுகள் கைவசம் உள்ளன.

அ. மாஸ்டர் மனம் வருந்திக் குழியை மூடுகிறார். [அவரை எனக்குத் தெரியும்.]

ஆ. ஒரு பரிசோதகர் வருகிறார், தேநீர் குடிக்கிறார், இவ்வளவு நல்ல குழியைக் கண்டதில்லை என்று பாராட்டிவிட்டுப் போகிறார். [அந்தத் தேநீரை நினைத்து இதைச் சிலநேரம் விரும்புகிறேன்.]

இ. தனுசியா பெயர் போடாமல் ஒரு கடிதம் எழுதுகிறாள். [எனக்கு மிகவும் பிடித்தது. ஆகவே சந்தேகிக்கிறேன்.]

சாயம் வந்து ஆறு நாள். நான் எழுதத் தொடங்கியும் ஆறு நாள். இரண்டு தொடக்கம், மூன்று முடிவு, ஒரு வீராங்கனை. அந்த ஆறு நாளும் குழந்தையின் போத்தல் அதே தண்ணீரில்தான் அலசப்பட்டது.

7

நான்காவது முடிவை உங்களிடம் விடுவதாக இருந்தேன். வாசகர் என்று ஒருவர் இருப்பது என்னைப் போன்றவர்களுக்குப் பெரிய வசதி.

இன்று பின்னேரம் பிரதீபா அக்கா போத்தலோடு கிணற்றடிக்கு வந்தார். நான் மதிலடியில் நின்றேன்.

"என்னடி, ஒரு கிழமையா மதிலடியிலை நிண்டு நிண்டு போறாய்? ஏதும் வேணுமே?"

"இல்லை அக்கா."

அவர் வாளியை இறக்கினார். அள்ளினார். போத்தலைத் திறந்தார்.

"அக்கா, அதை ஊத்துங்கோ. அலசாதேங்கோ."

"ஏன்?"

தனுசியாவைத் தேடினேன். வரவில்லை. எனக்குப் பின்னால், வீட்டுக்குள்ளிருந்து, இராசநாயகம் மாஸ்டரின் குரல்தான் வந்தது:

"பிள்ளை, ஆரோடை கதைக்கிறாய்?"

நான் திரும்பவில்லை.

"உங்கடை கிணத்துக்கை வாறது எங்கடை கக்கூசுத் தண்ணி, அக்கா. அப்பா வெட்டின குழி. ஆறு நாளா எனக்குத் தெரியும்."