பிள்ளைக்கொல்லி ரேகை

வருஷத்தின் முதல் மாதமான சூரோ பிறந்தால் கார்த்திஜோவுக்கு இடுப்பு விட்டுப்போகும். சோலோ நகரத்தில் கிரிஸ் என்கிற ராசிக்கத்தி வைத்திருக்கிற வீட்டுக்காரர்கள் எல்லோருக்கும் அதைக் குளிப்பாட்ட இந்த ஒரு மாதம்தான் கிடைக்கும். எலுமிச்சைச் சாற்றில் துருவை எடுத்துப் பாஷாணம் பூசினால் இரும்பு கறுத்துவிடும், அதோடு சேர்த்து அடித்த வெள்ளை உலோகம் ரேகையாக எழும்பும். அந்த ரேகைக்குப் பேர் சொல்வதுதான் அவர் பிழைப்பு. இது செல்வம் தரும், இது வியாபாரிக்கு ஆகும், இது குடும்பத்துக்கு ஆகாது. முப்பது வருஷமாகச் சொல்லிச் சொல்லி வாய் அலுத்துவிட்டது. இன்றைக்கு மட்டும் பத்தொன்பது கத்தி ஆகியிருந்தது.

இருபதாவதைக் கொண்டுவந்தவள் சுமிரா. அவள் மருமகள் வூர்யானி பின்னால் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

"இது இவ அப்பா ஜுமேனோ கல்யாணத்துல மாப்பிள்ளைக்குக் குடுத்த கத்தி. உங்ககிட்ட காட்டித்தான் வாங்கினாராம். மூணு வருஷத்துல இவளுக்கு ரெண்டு தரம் கலைஞ்சு போச்சு. போன வாரம் வேற எடத்துல கழுவக் குடுத்தேன். அடியில இருக்கறது பிள்ளைக்கொல்லி ரேகைங்கிறான் அந்தாளு. நீங்களும் ஆமான்னுட்டா கத்தியத் தெக்குக் கடல்ல போட்டுடுவேன். இவள அவங்கம்மா வீட்டுல விட்டுடுவேன்."

"உங்க பையன் என்னம்மா சொல்றான்?"

"அவன் என்னத்தச் சொல்வான்? நான் சொல்றதச் சொல்வான்."

கார்த்திஜோவுக்கு ஜுமேனோ ஞாபகம் இருந்தது. கல்யாணத்துக்கு முதல் நாள் சாயங்காலம், முகமெல்லாம் பல்லாக வந்தார். கத்தியில் பழைய எண்ணெய் பிசுபிசுவென்று ஒட்டியிருந்தது. கழுவாமல் ரேகை பார்க்கக்கூடாது, அது தொழிலில் முதல் பாடம். அன்றைக்கும் அசதிதான். விளக்கில் ஒரு தரம் திருப்பிப் பார்த்துவிட்டு, 'சிந்தின அரிசி ரேகை, நல்லது, குடுங்க' என்று அனுப்பிவிட்டார். மனுஷன் போன வருஷம் செத்தும் போய்விட்டார்.

இப்போது பார்த்தார். பிடிக்குப் பக்கத்தில் ரெண்டு சுழி, குறுக்கே ஒரு கோடு. பிள்ளைக்கொல்லியேதான். ஆனால் இது அன்றைக்கு இல்லையே? அடித்த ரேகை நூறு கழுவலுக்கும் மாறாது. மாறினால் அது அடித்ததே இல்லை. நகத்தால் வருடினார். எழும்பின ரேகையானால் நகத்தில் இடறும், இதில் ஒன்றும் தட்டுப்படவில்லை.

'நல்ல ரேகைதான், போங்க' என்று ஒரு வார்த்தை சொன்னால் அவர் பேர் பிழைக்கும். இந்தம்மா விடுவாளா? நாளைக்கு இன்னொருத்தனிடம் காட்டுவாள். உப்புத்தாளை எடுத்து அந்தச் சுழிமேல் வைத்துத் தேய்த்தார். பத்துத் தேய்ப்பில் சுழியும் போச்சு, கோடும் போச்சு. மழுங்கின வெறும் இரும்புதான் மிச்சம்.

"நெசமான ரேகைன்னா தேய்க்கத் தேய்க்க அடியிலயும் இருக்கும். இதுல ரேகையே இல்ல. அமிலத்துல வரைஞ்சிருக்கான், கழுவக் கழுவ அரிச்சு இப்படி ஆயிருக்கு. ஜுமேனோ ஏமாந்துட்டார். கழுவாம பாத்து நல்லதுன்னு சொன்ன மடையன் நான்தான்."

வரிசையில் நின்றவர்களில் ரெண்டு பேர் தங்கள் கத்தியைத் துணியில் சுற்றிக்கொண்டு கிளம்பினார்கள். கூப்பிட அவருக்குத் தெம்பில்லை.

"முப்பது வருஷமா இப்படித்தான் பாத்தீங்களோ?" என்றாள் சுமிரா.

"அன்னிக்கு ஒரு நாள்தான்னு நெனைக்கிறேன்."

வூர்யானி அப்போதுதான் வாயைத் திறந்தாள். "அப்ப அந்த ரெண்டும் ஏன் போச்சு?"

கத்தி மேல் பழி விழுந்த இந்த ஒரு வாரம்தான் அந்தப் பெண் தன் உடம்பைத் திட்டாமல் தூங்கியிருக்கிறாள் என்று அவள் முகத்தைப் பார்த்ததும் கார்த்திஜோவுக்குப் புரிந்தது. இப்போது அதையும் தேய்த்தெடுத்துவிட்டோமே என்று அவருக்கு ஆறவில்லை.

சுமிரா பெஞ்சில் உட்கார்ந்தாள். "எனக்கும் முதல் ரெண்டு தங்கல" என்றாள். "எங்க மாமனார் கத்தி நல்ல கத்தி. அதுல ஒரு குத்தமும் கெடையாது."

பிறகு அந்த வெறும் இரும்பை மஞ்சள் துணியில் சுற்றி இடுக்கிக்கொண்டு எழுந்தாள்.

"வா, போவோம்."

"எந்த வீட்டுக்கு?"

"காலைல எந்த வீட்டுல சோறாக்கி வெச்சிட்டு வந்த? அங்கதான்."