ரத்தினம்மா கேட்ட நிலைப்படி

வேலாயுதத்தைக் கூட்டிக்கொண்டு வீடு பார்க்கப் போவதைவிட ஒரு மாட்டைப் பிடித்து மாடிப்படி ஏற்றிவிடலாம் என்று ரத்தினம்மாவுக்குத் தோன்றியது. முப்பத்தொரு வருடம் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் கணக்கெடுத்த மனிதர் அவர். இந்த ஊரில் அவர் நிற்காத வாசல் கிடையாது. அப்படிப்பட்டவர் வேலையிலிருந்து ஓய்வு பெற்று, தாம் குடியிருக்க ஒரு வீடு தேடப் புறப்பட்டபோது, எந்த வீடும் அவர் கண்ணுக்கு வீடாகத் தெரியவில்லை.

மெக்பர்சன் பக்கம் தரைத்தளத்தில் நல்ல வீடு ஒன்று கிடைத்தது. விலையும் கட்டுப்படியானது. "மீட்டர் மேல சாரல் அடிக்கும்" என்று சொல்லிவிட்டு வெளியே வந்துவிட்டார். செலிகி சாலை அடுக்குமாடியில் வாடகைக்கு ஓர் அறை இருந்தது. தேக்கா சந்தைக்குக் கூப்பிடு தூரம், கோயிலுக்கும் பக்கம். ரத்தினம்மாவுக்கு வாயெல்லாம் பல்.

"படி ஜாஸ்தி. என் முட்டிக்கு ஆகாது" என்றார்.

"லிப்டு இருக்குங்க."

"அது நின்னுட்டா நீ தூக்கிட்டுப் போவியா?"

ரத்தினம்மா விறுவிறுவென்று நடந்தாள். கோபம் வந்தால் முன்னால் நடப்பது அவள் வழக்கம். வேலாயுதம் நாலு அடி பின்னால் வருவதும் வழக்கம்தான்.

ரேஸ்கோர்ஸ் சாலைக்குப் பின்புறச் சந்தில் அவர்கள் வீடு இருந்தது. பலகைச் சுவர், தகரக் கூரை. மனை வேறொருவருடையது, வீடு மட்டும் இவர்களுடையது. கூரை இத்துப்போய், மழை வந்தால் நாலு வாளி வைக்க வேண்டும். பென்சன் பணத்தில் கூரையும் மாற்றி மனை வாடகையும் கட்ட முடியாது. வீட்டை விற்றுவிட்டு, அரசாங்கம் கட்டுகிற அடுக்குமாடியில் சின்னதாக ஒன்றை வாங்கிக்கொள்வதுதான் புத்தி. அதிலும் ஒரு சிக்கல். வேறு வீடு சொந்தமாக வைத்திருப்பவருக்குச் சாவி தரமாட்டார்கள். விற்றால்தான் வாங்க முடியும். வாங்க இடம் பார்க்காமல் விற்றால் தெருவில் நிற்க வேண்டும்.

கணக்கெல்லாம் ரத்தினம்மாவுக்குப் புரிந்தது. மனசுக்குத்தான் புரியவில்லை. இந்த வீட்டை விற்றுவிட்டால் சேகர் எங்கே வருவான்?

சேகர் என்கிற தனசேகரன் அவர்களுடைய ஒரே மகன். எட்டு வருடத்துக்கு முன்னால், மருத்துவமனையில் தாதியாக இருந்த அற்புதமேரியைக் கட்டிக்கொள்வேன் என்று நின்றான். "மாதா கோயில்ல மாலை மாத்துறவன் என் வீட்டுக்குள்ள இருக்க வேணாம்" என்றார் வேலாயுதம். ஆத்திரத்தில் சொன்னதுதான். மகன் அவருக்கு மேல் ஆத்திரக்காரன். பெட்டியைத் தூக்கிக்கொண்டு வாசலுக்குப் போனவன், குனிந்து நிலைப்படியைத் தொட்டான். "இது அம்மா மஞ்சள் பூசுற படி. இது மேல சத்தியம். நீங்களே வந்து கூப்பிட்டாலும் இந்தப் படியை இனி தாண்ட மாட்டேன்" என்றான். அன்றைக்கு வெள்ளிக்கிழமை. அவன் விரலில் மஞ்சள் ஒட்டிக்கொண்டு போனதை ரத்தினம்மா பார்த்தாள்.

"அவனைப் பார்க்கப் போனா நீயும் அங்கேயே இருந்துக்க" என்று வேலாயுதம் அவளிடமும் சொல்லிவைத்தார். அவளும் போகவில்லை. பக்கத்து வீட்டு அன்னம்மாதான் அவ்வப்போது சேதி கொண்டுவந்தாள். பெண் குழந்தை பிறந்திருக்கிறது என்றாள். ஒருமுறை பொங்கலுக்கு வரச் சொல்லி அவள் மூலம் சொல்லி அனுப்பியபோது, "அம்மாவுக்குத் தெரியும்லா, படியைத் தொட்டுச் சொல்லிட்டேன்" என்று பதில் வந்தது. பிறகு அன்னம்மாவும் மகளோடு எல்லை தாண்டி ஜொகூருக்குப் போய்விட்டாள். மூன்று வருடமாக ஒரு சேதியும் இல்லை. மகன் எங்கே குடியிருக்கிறான் என்றுகூடத் தெரியாது. அவனுக்குத் தெரிந்த ஒரே முகவரி இந்த வீடுதான். கோபம் என்றைக்காவது தணிந்து ஒரு கடிதமாவது போட்டால் இங்கேதானே போடுவான்?

வீட்டை வாங்க வந்தவர் தேக்காவில் வெங்காய வியாபாரம் செய்யும் நூருல் அமீன். மூட்டை அடுக்க இடம் வேண்டும் அவருக்கு. பேரம் அதிகம் பேசாத நல்ல மனிதர்.

"வேற ஏதும் கேக்கணுமாக்கா?" என்றார்.

"கடிதாசி ஏதாச்சும் வந்தா எடுத்து வைங்க தம்பி. அப்புறம் வாசல் நிலைப்படியைப் பெயர்த்து எடுத்துக்கிறேன்."

நூருல் அமீன் சிரித்தார். "தள்ளுவண்டி போகணும், எப்படியும் நிலையை உடைக்கத்தான் போறேன். தாராளமா எடுத்துக்குங்க."

வேலாயுதம் குறுக்கிட்டு, "அது இங்கேயே கிடக்கட்டும்" என்றார்.

"ஏன்?"

"பிளாட்டுல அதுக்கு இடம் இல்ல."

"பிளாட்டே இன்னும் முடிவாகல, இடம் இல்லைன்னு எப்படித் தெரியும்?"

அவர் எழுந்து போய்விட்டார். ரத்தினம்மாவுக்கு அழுகை முட்டியது. சேகர் எட்டு மாதக் குழந்தையாகத் தவழ்ந்து முதன்முதலாகத் தாண்டிய படி அது. அன்றைக்குக் கொழுக்கட்டை செய்து சந்து முழுக்கக் கொடுத்தாள். முப்பது வருடமாக வெள்ளி தவறாமல் மஞ்சள் பூசிக் குங்குமம் வைக்கிறாள். பிள்ளை போனான், வீடும் போகிறது. அந்த மூன்றடிக் கட்டையாவது கூட வரக்கூடாதா? இந்த மனிதருக்கு நெஞ்சில் ஈரமே கிடையாதா?

அடுத்த வாரம் வீடமைப்பு அலுவலகத்தில் மூன்று வீடுகளைக் காட்டி ஒன்றை எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். இரண்டு வீடுகள் லிப்டு நிற்கும் மாடியில் இருந்தன. மூன்றாவது வீடு தோ பாயோ பகுதியில் நான்காவது மாடி. சில மாடிகளில்தான் லிப்டு நிற்கும், அங்கே நிற்காது. சமையலறையில் இரண்டு பேர் நின்றால் மூச்சு முட்டும். வேலாயுதம் தாழ்வாரத்தில் நின்று எதிரே நின்ற அடுக்குமாடி பிளாக்கையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"இதுதான்" என்றார்.

"படி ஏறினா முட்டி வலிக்கும்னீங்களே?"

"ஏறி ஏறிப் பழகிக்கலாம்."

ரத்தினம்மா தலையில் அடித்துக்கொண்டாள். சரி, எங்கே இருந்தால் என்ன? மகன் இல்லாத வீடு எல்லாம் ஒன்றுதான்.

ஆனால் நிலைப்படி விஷயத்தில் அவள் விட்டுக்கொடுக்கவில்லை. பால் காய்ச்ச நாள் குறித்ததும், நூருல் அமீனிடம் சொல்லி முந்தின நாளே அதைப் பெயர்த்து வைத்துக்கொண்டாள். காலையில் லாரி வந்தது. முதல் நடையில் சாமி படம், குத்துவிளக்கு, உப்பு, மஞ்சள், பால் பானை. அவற்றுக்கு அடியில், பாய்க்குள் சுருட்டி, அந்தக் கட்டை. திருடிக்கொண்டு போவது போலத்தான் இருந்தது அவளுக்கு.

தோ பாயோவில் லாரி நின்றதும் வேலாயுதம் பாயைத் தூக்கினார். கனம் தெரிந்துவிட்டது. பிரித்துப் பார்த்தார். அவர் முகம் மாறிய விதத்தில் ரத்தினம்மா ஒரு அடி பின்னால் போனாள்.

"இதை யார் ஏத்தினது?"

"நான்தான்."

"இது மேல போகக்கூடாது." லாரிக்காரரிடம் திரும்பினார். "திரும்பிப் போறப்ப இதை அமீன் கடையில இறக்கிடுங்க. அடுப்பெரிக்கச் சொல்லுங்க."

அடுப்பெரிக்கவா! எட்டு வருடமாக அடக்கிவைத்தது அத்தனையும் ரத்தினம்மாவுக்குப் பொங்கிக்கொண்டு வந்தது. பிளாக்கின் கீழே, போகிறவர் வருகிறவர் பார்க்க, வாய்விட்டே கத்தினாள்.

"பிள்ளையை வெளிய அனுப்பினீங்க. பொறுத்துக்கிட்டேன். அவன் தவழ்ந்த கட்டையை நெருப்புல போடச் சொல்றீங்களே, நீங்க மனுஷனா?"

வேலாயுதம் கோபப்படவில்லை. மாடிப்படியில் போய் உட்கார்ந்துவிட்டார்.

"அது மேலதானே சத்தியம் பண்ணிட்டுப் போனான்? அதைக் கொண்டாந்து இந்த வாசல்ல போட்டீன்னா அவன் எப்படிடி உள்ள வருவான்?"

ரத்தினம்மா அவர் பக்கத்தில் வந்து நின்றாள்.

"எங்கேருந்து வருவான்?" என்றாள்.

அவர் எதிர் பிளாக்கைக் காட்டினார். "மூணாவது மாடி. இந்தக் கோடியிலிருந்து அஞ்சாவது கதவு." சட்டைக் காலரைத் தடவிக்கொண்டே தரையைப் பார்த்துச் சொன்னார். "போன வருஷம் இந்தப் பக்கம் எனக்கு ரூட்டு போட்டாங்க. மீட்டர் புத்தகத்துல அவன் பேரு இருந்துச்சு. வேலாயுதம் மகன் தனசேகரன்னு. மாசாமாசம் போனேன். பதினோரு மாசம். அவன் வேலைக்குப் போயிருப்பான். மீட்டர் வெளிய இருக்கு, கதவைத் தட்டவே வேணாம்."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே."

"என்னன்னு சொல்றது? உன்னைப் போகாதேன்னு சொன்னவன் நான்." முட்டியைத் தேய்த்துக்கொண்டார். "அந்தப் பொண்ணு ஒருநாள் ஐயா வெயில்ல நிக்கிறீங்களேன்னு தண்ணி கொண்டாந்து குடுத்துச்சு. நான் யாருன்னு அதுக்குத் தெரியாது. குடிச்சேன். பேத்தி உள்ள உக்காந்து வாய்ப்பாடு சொல்லும். ஏழு ரெண்டு பதினாறுங்குது. மாசாமாசம் அதே தப்பு. திருத்தணும்னு நாக்கு வரைக்கும் வரும். மீட்டர் பார்க்க வந்தவன் அதெல்லாம் பேசலாமா? இப்ப வேலையும் முடிஞ்சுபோச்சு. இனி எந்தச் சாக்குல போய் நிப்பேன்?"

ரத்தினம்மா அவரையே பார்த்தாள். மெக்பர்சன் வீட்டில் ஏன் சாரல் அடித்தது, செலிகி வீட்டில் ஏன் முட்டி வலித்தது என்று இப்போதுதான் விளங்கியது. இவ்வளவு ஆசையையும் உள்ளே வைத்துக்கொண்டு, கல் மாதிரி திரிந்திருக்கிறாரே இந்த மனிதர்! அவரை நினைத்துக் கோபமும் வந்தது, பாவமாகவும் இருந்தது. கட்டையை அவளே எடுத்தாள். கடைசியாக ஒரு தடவை அதைத் தடவிப் பார்த்துவிட்டு லாரியில் தூக்கி வைத்தாள்.

மேலே போய் விளக்கேற்றி, அடுப்பைப் பற்றவைத்துப் பானையை ஏற்றினாள். நல்ல நேரம் முடிய அரைமணி இருந்தது.

"நீ போய்க் கூப்பிடு" என்றார் வேலாயுதம். "இன்னிக்கு ஞாயித்துக்கிழமை. பூசை முடிஞ்சு வந்திருப்பாங்க. படி புதுசுன்னு சொல்லு."

"நான் போக மாட்டேன். அனுப்பினவர்தான் கூப்பிடணும்."

அவர் துணிப் பெட்டியைத் திறந்து, மடித்து வைத்திருந்த காக்கிச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

"இதை எதுக்குப் போடுறீங்க? வேலைதான் முடிஞ்சுபோச்சே."

"அந்த வாசலுக்கு நான் வேற சட்டையில போனதில்ல" என்று சொல்லிவிட்டு இறங்கினார்.

ரத்தினம்மா அடுப்பைத் தணித்துவிட்டுத் தாழ்வாரத்துக்கு ஓடி வந்தாள். எதிர் பிளாக்கில் அவர் முட்டியைப் பிடித்துக்கொண்டு படியேறுவது தெரிந்தது. மூன்றாவது மாடி. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. ஐந்தாவது கதவருகே நின்றார். வழக்கம் விடவில்லை, மீட்டர் பக்கம் குனிந்தார். குனிந்தவர் நிமிரவே காணோம். போங்க, போங்க என்று இங்கிருந்தே முணுமுணுத்தாள். நிமிர்ந்தார். கையைத் தூக்கினார். இறக்கினார். மறுபடியும் தூக்கிக் கதவைத் தட்டினார்.

கதவைத் திறந்தது ஒரு சின்னப் பெண். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைக் கவுன் போட்டிருந்தது. வேலாயுதம் அதற்கு எதிரே குனிந்து ஏதோ சொன்னார். அது விரல்விட்டு எண்ணிப் பார்த்தது. அதன் பின்னால் ஓர் ஆண் வந்து நின்றான். கொஞ்சம் சதை போட்டிருந்தான். முன்வழுக்கைகூட விழுந்திருந்தது. ரத்தினம்மாவுக்குக் கண் மறைத்தது. முந்தானையால் துடைத்துவிட்டுப் பார்த்தபோது, அப்பாவின் விரல் காட்டிய திசையில் மகன் நிமிர்ந்து இந்த வாசலைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அவள் கையை ஆட்டவில்லை. உள்ளே ஓடிப்போய், மீதி இருந்த பால் அத்தனையையும் பானையில் ஊற்றினாள்.