ஞாயிற்றுக்கிழமை யாருக்கு

சிவதர்ஷினி தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பிஸ்கட் டின் நிறைய இருந்த கொண்டை ஊசிகளைக் கறுப்பு தனி, தங்க நிறம் தனி என்று பிரித்துக்கொண்டிருந்தாள். பாதியில் கைப்பேசியை எடுத்து, “ஞாயித்துக்கிழமை யாருக்கு, எத்தனை மணிக்கு?” என்று தட்டினாள். சமையலறையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த வாகீசன் குழாயை மூடிவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டான். அவன் மனைவி கேட்டது எந்த மனிதரிடமும் இல்லை. அவன் தன் கையால் செய்து வீட்டுக்குள்ளேயே ஓடவிட்டிருக்கும் சாட்பாட்டிடம். அதற்குப் பேர் மல்லி. கல்யாணப் பெண்களுக்கு அலங்காரம் செய்கிற சிவதர்ஷினியின் கைகள் எப்போதும் யாராவது ஒருத்தியின் முகத்திலோ தலையிலோ இருக்கும். அந்த நேரத்தில் செய்தி அனுப்புகிறவர்களுக்குப் பதில் சொல்லி, நாள் குறித்துக்கொடுப்பது மல்லியின் வேலை. மல்லி பதில் சொல்லும்போதெல்லாம் வாகீசனுக்குத் தன் பிள்ளை பள்ளி மேடையில் பரிசு வாங்குவது மாதிரி இருக்கும்.

“ரோஷினி, உட்லண்ட்ஸ். காலை ஆறு மணி” என்றது மல்லி.

“பாத்தியா, கேட்டு முடிக்கல, பதில் வந்துருச்சு” என்றான் வாகீசன், சோப்பு நுரை சொட்டச் சொட்ட.

“முகூர்த்தம் எப்பன்னு சொல்லவே இல்லையே, உன் பிள்ளை.” சிவதர்ஷினி அதே கேள்வியை மறுபடி தட்டினாள்.

“விமலேஸ்வரி, தெம்பனிஸ். காலை ஆறு மணி. முகூர்த்தம் பத்தரை” என்று வந்தது.

அவள் கைப்பேசியைப் பார்த்தாள், கணவனைப் பார்த்தாள், மீண்டும் கேட்டாள். ரோஷினி. இன்னொரு முறை கேட்டாள். ரோஷினிதான். வாகீசன் பெருமூச்சு விட்டு, “சும்மா ஒரு சின்ன தடுமாற்றம் லா” என்று சொல்லி வாய் மூடுவதற்குள் அடுத்த பதிலில் விமலேஸ்வரி திரும்பி வந்துவிட்டாள்.

ரோஷினியைச் சிவதர்ஷினிக்கு நன்றாகத் தெரியும். போன மாதம் வந்து ஒத்திகை அலங்காரம் பார்த்துவிட்டு, கண்ணாடியில் தன்னையே பார்த்து விசிலடித்துவிட்டுப் போனவள். யார் இந்த விமலேஸ்வரி? வாகீசன் மடிக்கணினியைத் திறந்து தேடினான். இரண்டு வாரத்துக்கு முன் ஓர் உரையாடல் இருந்தது. முதலில் ஒப்புக்கொண்ட அலங்காரக்காரர் கடைசி நேரத்தில் கைவிட்டுவிட்டார் என்றும், இனி யாரைக் கேட்பது என்றே தெரியவில்லை என்றும் அந்தப் பெண் எழுதியிருந்தாள். “கவலை வேண்டாம், சிவதர்ஷினி உங்களோடு இருப்பார்” என்று மல்லி பதில் எழுதி, அதன் பக்கத்தில் ஒரு பூவும் போட்டிருந்தது. அந்தப் பூவைப் பார்த்ததும் வாகீசன் மடிக்கணினியை மெல்லத் தன் பக்கம் திருப்பிக்கொண்டான்.

நடந்தது இதுதான். வாகீசன் தெம்பனிஸில் ஓர் அலுவலகத்தில் சர்வர் கணினிகளைக் கட்டி மேய்க்கிறவன். கடையில் கிடைக்கிற ஆயத்த சாட்பாட்டை வாடகைக்கு எடுப்பது அவனுக்குக் கௌரவக் குறைச்சல். எல்லாம் நம்ம வீட்டிலேயே ஓடணும் என்று, சாமி அலமாரிக்குக் கீழே கையடக்கக் கணினி ஒன்றை வைத்து, அது உயிர்பெறும்போதெல்லாம் மல்லியும் தானாக எழுந்து பின்னணியில் ஓடும்படி செய்திருந்தான். ஆயுத பூஜை அன்று சிவதர்ஷினி அதற்குச் சந்தனம் குங்குமம்கூட வைத்தாள். பிறகு அலுவலக நண்பன் ஜெய், “இன்னுமா அப்படி ஓட்டுற? கன்டெய்னர்ல போடு லா” என்று சிரித்தான். கன்டெய்னர் என்றால், தனக்கு வேண்டியதையெல்லாம் தனக்குள்ளேயே வைத்துக்கொண்டு, அக்கம்பக்கம் எதையும் கண்டுகொள்ளாத ஒரு மூடிய பெட்டி. வாகீசன் ரோஷம் வந்து, மல்லியின் நகல் ஒன்றைப் பெட்டிக்குள் குடிவைத்தான். பழைய மல்லியை நிறுத்தினான். ஆனால் இனிமேல் தானாக எழுந்திருக்காதே என்று அதனிடம் சொல்ல மறந்துவிட்டான். போன மாதம் சிவதர்ஷினியின் முடி சுருட்டும் கருவியும் ரைஸ் குக்கரும் ஒரே நேரத்தில் ஓடி, வீட்டு மின்சாரம் போய்த் திரும்பியதே, அன்று இரண்டு மல்லிகளும் எழுந்துவிட்டன. வருகிற செய்தி இதற்குப் பாதி, அதற்குப் பாதி. ஆளுக்கொரு நாள்காட்டி. புது ஆள் பதிவானால் சிவதர்ஷினிக்குத் தகவல் சொல்லும் பழக்கத்தைப் புது மல்லிக்குத்தான் கற்றுக்கொடுத்திருந்தான். பழையதற்கு அந்தப் பழக்கமே இல்லை.

எல்லாவற்றையும் சொல்லிவிட்டு, அடி வாங்கப்போகிற பிள்ளை மாதிரி நின்றான். “பின்னாடி வந்தவங்களுக்கு மல்லியே அழகா ஒரு மன்னிப்பு எழுதி அனுப்பிடும். வேணும்னா ரீஃபண்டு...”

“மல்லி ஒண்ணும் எழுத வேணாம்.” சிவதர்ஷினி கத்தவில்லை. கத்தியிருந்தால் அவனுக்குத் தேவலையாக இருந்திருக்கும். “என் பேரைச் சொல்லித்தானே வரேன்னு சொல்லியிருக்கு? அந்தப் பொண்ணை ஏற்கனவே ஒருத்தங்க விட்டுட்டுப் போயிட்டாங்க. நானும் விட்டுட்டுப் போனா, அவ கல்யாணத்தன்னிக்குக் கண்ணாடியில என்னத்தைப் பாப்பா? வாகீ, ரெண்டு பேருக்கும் நான்தான் பண்றேன்.”

காப்பீட்டு அலுவலக வேலையை விட்டுவிட்டு அவள் துணிந்து இறங்கிய தொழில் இது. தெரிந்த அலங்காரக்காரர்கள் எல்லோரையும் உதவிக்கு அழைத்துப் பார்த்தாள். அந்த ஞாயிற்றுக்கிழமை முகூர்த்தத்துக்கு ஆள் கேட்கிறாயா என்று எல்லோரும் சிரித்தார்கள். ஒரு நல்ல விஷயம், இரண்டு கல்யாணமும் சிராங்கூன் சாலையிலேயே வேறு வேறு கோயில்களில். அவர்கள் வீடோ ஜாலான் புசார் பக்கம், நடந்தே போகிற தூரம். இரண்டு பெண்களும் இங்கே வந்து உடுத்திக்கொண்டு இங்கிருந்தே கோயிலுக்குப் போகட்டும் என்று சிவதர்ஷினி முடிவு செய்தாள். நடந்ததை மறைக்காமல் இருவரிடமும் சொன்னாள்.

ரோஷினி விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, “ஓக்கேக்கா, எங்க அம்மாவை நான் சமாளிக்கிறேன்” என்றாள். விமலேஸ்வரி, “இருங்க, அத்தைகிட்ட குடுக்குறேன்” என்றாள். கைப்பேசி அவளுடைய அத்தை கைக்கு மாறியது.

“ரெண்டு கல்யாணப் பொண்ணு ஒருத்தர் மூஞ்சிய ஒருத்தர் பாக்கக்கூடாதும்மா. எங்க பக்கம் ஆகாது.”

ஒலிபெருக்கியில் கேட்டுக்கொண்டிருந்த வாகீசன் குறுக்கே புகுந்தான். “பாக்கவே மாட்டாங்க அத்தை. தனித்தனியா வச்சுடுவோம். நான் பொறுப்பு.”

“நீங்க பொறுப்பா இருந்துதான தம்பி இந்த நிலைமை” என்றார் அத்தை. ஆனாலும் ஒத்துக்கொண்டார்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தபோது கூடத்தின் குறுக்கே துணி காயப்போடும் மூங்கில் கழிகள் இரண்டு, புத்தக அலமாரியிலிருந்து குளிர்பதனப் பெட்டி வரைக்கும் போயிருந்தன. அவற்றில் படுக்கை விரிப்புகள் தொங்கின. போதாத இடத்தில் வாகீசனின் பட்டு வேட்டி. இந்தப் பக்கம் ரோஷினி, அந்தப் பக்கம் விமலேஸ்வரி. எல்லையில் நாற்காலி போட்டு அத்தை. ஒருத்தியின் முடி சுருள்வதற்குள் மற்றவளின் முகத்துக்குப் போவாள் சிவதர்ஷினி. அங்கே முகம் காய்வதற்குள் இங்கே ஜடை. விரிப்பைத் தூக்கித் தூக்கி அவள் போய்வந்ததைப் பார்த்தபோது வாகீசனுக்குப் பிடிபட்டது. இரண்டு மல்லிகளும் ஒன்றையொன்று கண்டுகொள்ளாமல் இருந்ததில் தப்பே இல்லை. இரண்டு பக்கத்தையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்ள நடுவே இப்படி ஓர் ஆள் இல்லை, அவ்வளவுதான். மனைவிமேல் அவனுக்கு அன்பு பொங்கிப் பொங்கி வந்தது. சொல்லத்தான் நேரமில்லை, தலை நிறையச் சுருளோடு ரோஷினியும், இடுப்பில் அரைகுறை மடிப்போடு விமலேஸ்வரியும் ஆளுக்கொரு பக்கம், “அண்ணா, பின் குடுங்க!” என்று கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

நடுவில் ஒரு விசும்பல் கேட்டது.

“அக்கா, அந்தப் பக்கம் யாரு அழுவுறது?” என்றாள் ரோஷினி.

“ஒண்ணுமில்ல” என்றாள் விமலேஸ்வரி. பிறகு, “இங்கயும் கடைசியில கைவிட்டுடுவாங்கன்னு நேத்து வரைக்கும் நெனச்சிட்டிருந்தேன்” என்றாள்.

ரோஷினி கொஞ்சம் யோசித்தாள். காலையில் வாகீசன் பிளாஸ்டிக் பையில் கட்டி வாங்கி வந்த கோப்பிப் பொட்டலத்தை, உறிஞ்சு குழலோடு, விரிப்பின் அடியால் நீட்டினாள். “லிப்ஸ்டிக் போடுறதுக்கு முன்னாடி குடிச்சிடு லா. அழுதா மேக்கப் போயிடும், மேக்கப் போனா அக்கா செத்தாங்க.” மருதாணி வைத்த ஒரு கை அந்தப் பக்கமிருந்து வந்து பொட்டலத்தை வாங்கியது. அத்தை பார்த்தார். கைகள் பார்த்துக்கொள்ளக்கூடாது என்று எங்கும் சொல்லவில்லையே என்று நினைத்தாரோ என்னவோ, முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குப் பிறகு இரண்டு பக்கமும் ஒரே பேச்சு. யார் மாப்பிள்ளை குறட்டை விடுவான், யார் மாமியார் காரம் தின்னமாட்டார், எந்தக் கோயிலில் செருப்பு காணாமல் போகும் என்று விரிப்பே ஆடுகிற அளவுக்குச் சிரிப்பு. கொஞ்ச நேரத்தில் அத்தையும் தன் சங்கிலியில் சேஃப்டி பின்களைக் கோத்துக்கொண்டு, கேட்ட பக்கம் எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார்.

விமலேஸ்வரி முதலில் கிளம்புவது, சற்றுப் பொறுத்து ரோஷினி என்று ஏற்பாடு. ஆனால் ஒரு மின்தூக்கி பழுதுபார்ப்பில் இருந்தது. மற்றொன்று மாடிக்கு மாடி நின்று ஆடி அசைந்து வந்தது. அது வந்து சேர்ந்தபோது விமலேஸ்வரி வாசலில் பட்டுச் சேலையைத் தூக்கிப் பிடித்து நிற்க, கதவுக்கு உள்ளே ரோஷினியின் அம்மா கடிகாரத்தைப் பார்த்துக் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். இந்தத் தடவை விட்டால் அது திரும்பி வருவதற்குள் முகூர்த்தம் நெருங்கிவிடும். சிவதர்ஷினி வாகீசனைப் பார்த்தாள். பொறுப்பு என்று சொன்னவன் அவன்தான். அவன் பொத்தானை அழுத்திப் பிடித்தபடி பரிதாபமாக அத்தையைப் பார்த்தான்.

“என்ன பாக்குறீங்க?” என்றார் அத்தை. “ரெண்டு பேரும் முதுகோட முதுகு ஒட்டி நில்லுங்க. திரும்பக் கூடாது, அவ்வளவுதான்.”

இருவரும் அப்படியே மின்தூக்கிக்குள் ஏறி நின்றார்கள். பூ ஜடைகள் இரண்டும் உரசிக்கொண்டன. பின்பக்கமாக ஒரு கை இன்னொரு கையைத் தேடிப் பிடித்துக்கொண்டது. விமலேஸ்வரி கதவைப் பார்த்துக்கொண்டு சிரித்தாள். ரோஷினிக்கு எதிரே மின்தூக்கியின் கண்ணாடி. அதில் தன் முகத்தைப் பார்த்தவள், பக்கவாட்டிலிருந்த இன்னொரு கண்ணாடியை நோக்கி மெல்லக் கழுத்தைச் சாய்த்தாள். விமலேஸ்வரியும், கதவு மூடப்போகிற நேரத்தில், அதே கண்ணாடிக்குக் கண்ணைத் திருப்பினாள். இரண்டு முகங்களும் அங்கே சந்தித்துக்கொண்டன. வாகீசன் பார்த்துவிட்டான், சிவதர்ஷினியும் பார்த்துவிட்டாள். அத்தை மட்டும் தலையை நன்றாக நிமிர்த்தி, கதவுக்கு மேலே ஒளிரும் மாடி எண்ணையே பார்த்துக்கொண்டிருந்தார்.