ஓட வந்தவரா, சாப்பிட வந்தவரா

மே மாதத்தில் எங்கள் நாட்டில் புத்தியுள்ள எவனும் நெடுந்தூரம் ஓட மாட்டான். ஊருக்கு ஊர் புனிதர் திருவிழா. வாசலைக் கடக்கிறவரைச் சாப்பிட வைக்காமல் யாரும் விட மாட்டார்கள். என் கணவர் டெல்ஃபின் அந்த மே மாதத்தில்தான் எங்கள் ஊர் நாகாவிலிருந்து தலைநகர் மணிலாவுக்கு ஓடக் கிளம்பினார்.

மணிலா மருத்துவமனையில் என் தங்கை மகள் ஹிராயா ரத்தப் புற்றுநோயோடு படுத்திருந்தாள். அந்த வார்டுப் பிள்ளைகளுக்குப் பணம் திரட்டத்தான் இந்த ஓட்டம். உண்டியலும் தண்ணீருமாக நான் பின்னால் ட்ரைசைக்கிள், அதாவது பக்கத்தில் பெட்டி மாட்டிய மோட்டார் பைக், ஓட்டிக்கொண்டு வந்தேன்.

காசு போடுகிறவர்கள் சும்மா போடவில்லை. "ஒரு வாய் சாப்பிட்டுப் போங்க தம்பி, இல்லேன்னா புனிதர் கோச்சுக்குவாரு" என்று கையைப் பிடித்து இழுத்தார்கள். சுட்ட பன்றி, தேங்காய்ப்பாலில் வெந்த பலாக்காய், வெல்லம் வழியும் அரிசிப் பண்டம். ஓடி இளைக்க வேண்டிய மனுஷர் ஓடிப் பெருத்தார்.

"ஏங்க, அந்தப் பனியன் மணிலா வரைக்கும் தாங்குமா?" என்று கேட்டேன். முறைத்தார்.

அவர் பன்றித் தொடையோடு நிற்கும் படத்தை யாரோ ஃபேஸ்புக்கில் போட்டு, 'ஓட வந்தவரா, சாப்பிட வந்தவரா?' என்று எழுதிவிட்டார்கள். மனுஷருக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. மறுநாள் முழுக்க வாழைப்பழமும் தண்ணீரும்தான்.

சாயங்காலம் வழக்கம்போல ஹிராயா வீடியோவில் வந்தாள். மருந்து ஏறியதிலிருந்து அவளுக்குச் சாப்பாடு என்றாலே குமட்டல். இப்படியே போனால் மூக்கில் குழாய் வைக்க வேண்டும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். ஆனாலும் அவர் எவ்வளவு தூரம் ஓடினார் என்று அவள் கேட்கவே மாட்டாள்; கேட்பதெல்லாம் சாப்பாட்டைப் பற்றித்தான்.

"பெரியப்பா, இன்னிக்கு என்ன சாப்பிட்டீங்க?"

"வாழைப்பழம்டா கண்ணு."

"அவ்ளோதானா? நேத்து பன்னித் தோல் மொறுமொறுன்னு இருந்துச்சுன்னு சொன்னப்போ எனக்கு எச்சில் ஊறுச்சு. இன்னிக்கு நீங்க சுத்த மோசம்!"

போனை வைத்துவிட்டாள்.

எச்சில் ஊறியதாம்! நான் அவர் பக்கம் திரும்பினேன். "நாளையிலேர்ந்து ஒரு வீடு விடாம சாப்பிடுறீங்க. எவன் என்ன எழுதினா என்ன?"

மணிலா போய்ச் சேர இரண்டு நாள் தாமதம். வெளிச் சாப்பாடு வார்டுக்குள் கூடாது. நர்ஸ் இஞ்சி போட்ட அரிசிக் கஞ்சி கொண்டுவந்தாள். முகக்கவசத்தோடு, வீங்கிய காலை நீட்டி உட்கார்ந்தவரின் தொப்பையை ஹிராயா மேலும் கீழும் பார்த்தாள்.

"ஓடி வந்தீங்களா, உருண்டு வந்தீங்களா?"

"உருண்டுதான். நீ வாயைத் தொற, ஊர் ஊரா சொல்றேன்."

ஊருக்கு ஒரு கரண்டி. கண்ணை மூடிக் கேட்டாள், விழுங்கினாள். வாழைப்பழ ஊர் வந்ததும் வாயை இறுக்கி மூடிக்கொண்டாள். அவர் அசடு வழிந்து அடுத்த ஊருக்குத் தாவினார். கிண்ணத்தில் பாதி இருக்கும்போதே மணிலா வந்துவிட்டது.

"அவ்ளோதான் கண்ணு, ஊரு தீந்துபோச்சு."

ஹிராயா கிண்ணத்தை எட்டிப் பார்த்தாள்.

"அப்போ திரும்பி ஓடுங்க."

எனக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. அவர் குனிந்து, கட்டிலுக்கு அடியில் கழற்றிப் போட்ட ஷூவைத் தேடினார்.