ஒரு விரல் வணக்கம்

விர்கிலின் பச்சை பிக்கப் வண்டியில் ஏறி உட்கார்ந்ததும், யாருடைய செருப்பையோ மாட்டிக்கொண்டது போலிருந்தது ஆர்டித்துக்கு. அவளுடைய கார் கியர் சிக்கி அவன் பட்டறையில் கிடந்தது. அவள் கொண்டுபோய்ப் போட வேண்டிய தபால் அதுவரை காத்திருக்குமா?

"அக்கா, எதுக்க வர்றவனெல்லாம் நான்தான்னு நெனச்சு விரல் காட்டுவான். பதில் காட்டி என் மானத்தைக் காப்பாத்துங்க" என்றான் விர்கில்.

"அப்படியே உன் தாடியையும் கழட்டிக் குடு. மாட்டிக்கறேன்."

மாநில நெடுஞ்சாலை நூற்று நாற்பத்தேழு மொத்தமே பதினோரு மைல்தான். தானியக் கிடங்குக்கு அருகே பெரிய சாலையிலிருந்து பிரிந்து, புல்வெளிகளுக்கு நடுவே தூக்கக் கலக்கத்தில் நடப்பதுபோல் வளைந்து, லூப் ஆற்றைத் தாண்டி, மணற்குன்றுகளில் ஏறி இறங்கி, வெஸ்காட் ஊரின் தேவாலய வாசலில் முடிந்துவிடும். வழியில் முப்பத்தொரு தபால் பெட்டிகள். பத்தொன்பது வருடங்களாக ஒவ்வொரு பெட்டியை மூடும்போதும் அந்த வீட்டுக்காரரின் பெயரைக் கர்த்தரிடம் ஒருமுறை சொல்லிவிட்டுத்தான் ஆர்டித் நகர்வாள்.

எதிரே வண்டி வந்தால் ஸ்டியரிங்கிலிருந்து சுட்டுவிரலை மட்டும் உயர்த்துவது அந்தச் சாலையின் மரியாதை. கையை எடுக்க வேண்டாம், சிரிக்கவும் வேண்டாம். அந்த ஒரு விரலையும் உயர்த்தாதவர் வெளியூர்க்காரராக இருப்பார், அல்லது மனத்தாங்கல் உள்ளவராக இருப்பார்.

எல்டன் வெளியூர்க்காரர் இல்லை.

இரண்டு குளிர்காலங்களுக்கு முன்பு அவருடைய இதய மாத்திரைகள் ஒரு பெரிய பொட்டலமாக வந்தன. அது பெட்டிக்குள் நுழையவில்லை. பனி கொட்டுகிறதே, கிழவர் சாலைவரை நடக்க வேண்டாமே என்று ஆர்டித்தே வீட்டுவரை கொண்டுபோய்க் கொடுத்தாள். திரும்பும்போது விறைத்த விரல்களால் மேய்ச்சல் கேட்டின் கொக்கியை அவள் சரியாக மாட்டவில்லை. அன்று மாலை ஜூனிபர் என்ற குதிரை சாலைக்கு வந்து லாரியில் அடிபட்டுச் செத்தது. எல்டனின் மனைவி நீவா குட்டியிலிருந்து வளர்த்த குதிரை அது. நீவா இறந்து அப்போது ஒரு மாதம்கூட ஆகியிருக்கவில்லை.

யாரும் கேட்பதற்கு முன்பே ஆர்டித் போய்ச் சொன்னாள். "கேட்டைச் சரியா மாட்டாம விட்டது நான்தான்." அவர் "சரி" என்றார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு தினமும் ஆற்றுப் பாலத்தருகே இருவரும் எதிர்ப்படுவார்கள். அவள் விரலை உயர்த்துவாள். அவர் சாலையைப் பார்ப்பார்.

இன்று பாலத்தில் மூடுபனி பால் போல் தேங்கியிருந்தது. கண்ணுக்குத் தெரியாத நாரைகள் ஆற்று மணலில் கூட்டமாகக் கத்திக்கொண்டிருந்தன. உலகத்தில் பாதிதான் படைக்கப்பட்டு, மீதி இன்னும் கர்த்தர் கையிலேயே இருப்பதுபோல் அவளுக்குத் தோன்றியது. அந்த வெண்மையிலிருந்து எல்டனின் வண்டி மெல்ல வெளிவந்தது. ஸ்டியரிங்கின்மேல் அவருடைய விரல் உயர்ந்தது.

அவளுடைய விரலும் தானாக எழுந்தது. அவர் முகத்தைப் பார்ப்பதற்குள் பனி மூடிக்கொண்டது.

மீதிப் பெட்டிகளுக்கு எப்படித் தபால் போட்டாள் என்று அவளுக்கே தெரியவில்லை. ஒரு மைல் தூரம் அழுதாள். பிறகுதான் உறைத்தது, அவர் விரலை உயர்த்தியது விர்கிலின் பச்சை வண்டிக்கு. முகவரி மாறி வந்த கடிதத்தைப் பிரிக்காமல் உரியவரிடம் சேர்ப்பது அவள் தொழில். இதை மட்டும் வைத்துக்கொள்ளலாமா? வைத்துக்கொள்ளத்தான் ஆசையாக இருந்தது. அன்றைய ஜெபத்தில் அந்த ஆசையையும் ஒளிக்காமல் சொன்னாள்.

மறுநாளும் பனி. கார் சரியாகி வந்திருந்தது. பாலத்தின் நடுவில் நிறுத்திக் கண்ணாடியை இறக்கிவிட்டுக் காத்திருந்தாள். எல்டனின் வண்டி வந்தது, வேகம் குறைந்தது, ஜன்னலுக்கு நேராக நின்றது. கண்ணாடி இறங்க நெடுநேரம் ஆனது.

"வண்டி நின்னு போச்சா?" என்றார்.

"இல்ல எல்டன். நேத்து விர்கில் வண்டியில வந்தது நான்தான். நீங்க காட்டினது அவனுக்கு. எனக்குன்னு நெனச்சு நான் வாங்கிக்கிட்டேன். அதைச் சொல்லிட்டுப் போகத்தான் நின்னேன்."

"திருப்பிக் குடுக்க வந்தியாக்கும்?"

"ஆமா."

அவர் முன்கண்ணாடி வழியே வெண்மையைப் பார்த்தார். தாடை அசைந்தது.

"உன் கொண்டையைத் தாடின்னு நெனைக்க எனக்கு இன்னும் அவ்வளவு கண்ணு மங்கல, ஆர்டித். நேத்துப் பனிதான். ஆனா அவ்வளவு பனி இல்ல."

அவள் ஸ்டியரிங்கைப் பற்றிக்கொண்டாள். அவர் வண்டியை எடுக்கவில்லை.

பின்னால் வைக்கோல் சுமந்த டிராக்டர் ஒன்று வந்து நின்றது. அதிலிருந்தவன் ஹாரன் அடிக்கவில்லை. இரண்டு ஜன்னல்களும் திறந்திருப்பதைப் பார்த்துவிட்டு, தொப்பியைச் சற்றுப் பின்னுக்குத் தள்ளி, எஞ்சினை அணைத்தான். எல்டனும் தன் எஞ்சினை அணைத்தார். அடியில் ஆறு ஓடும் சத்தம் கேட்டது. மூன்று நாரைகள் பனிக்குள்ளிருந்து வந்து, பாலத்தின் மஞ்சள் கோட்டை அவசரமில்லாமல் கடந்துகொண்டிருந்தன.