பிரதமர் ஊரில் இல்லாதபோது

பிரதமரின் அம்மா இறந்தபோது பிரதமர் வெளிநாட்டில் இருந்தார். எனவே அழும் பொறுப்பு துணைப் பிரதமரான எனக்கு வந்தது.

துணைப் பிரதமருக்கு என்ன வேலை என்று எங்கள் அரசியல் சட்டத்தில் எழுதியிருக்கவில்லை. பிரதமர் இல்லாதபோது அவர் இடத்தில் இருக்க வேண்டும், அவ்வளவுதான். கேள்வி நேரத்தில் அவருக்காக எழுந்து பதில் சொல்லியிருக்கிறேன். அவருக்குப் பல் வலித்தபோது என் கடைவாய்ப் பல்லைப் பிடுங்கினார்கள். வலி நின்றுவிட்டது என்று மறுநாள் சொன்னார்.

அமைச்சரவைச் செயலாளர் பரஞ்சோதி என்னைப் பிரதமரின் வீட்டுக்கு அழைத்துப் போனார். கூடத்தில் ஐஸ் பெட்டி. பக்கத்தில் பிரதமரின் தங்கை வேதநாயகி.

நான் அழுதேன்.

"அண்ணன் சத்தம் போட்டு அழாது," என்றார் வேதநாயகி.

சத்தமில்லாமல் அழுதேன்.

"இப்ப சரி. இப்படி உட்காருண்ணா."

பெட்டிக்குள் அம்மா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "இளைச்சுட்டே," என்றார். மறுபடி மூடிக்கொண்டார்.

அப்போது என் மனைவி கோமளா போன் செய்தாள். என் அப்பாவுக்கு மூச்சு வாங்குகிறதாம். என்னைக் கேட்கிறாராம்.

பரஞ்சோதியிடம் சொன்னேன்.

"துணைப் பிரதமரோட அப்பாதானே?" என்றார். "துணைப் பிரதமர் போகலாம்."

"அப்ப நான் கிளம்பறேன்."

"நீங்க இப்ப பிரதமர். உங்க அம்மா இன்னும் வீட்டைவிட்டுப் போகலை."

"அப்ப துணைப் பிரதமர் யாரு?"

யோசித்தார். வாசலில் மாலையோடு நின்றிருந்த இணை அமைச்சர் குலசேகரனைக் கூப்பிட்டார். காதில் ஏதோ சொன்னார். குலசேகரன் மாலையை என் கையில் கொடுத்துவிட்டு என் வீட்டுக்குப் போனார்.

நான் மொட்டை போட்டுக்கொண்டேன். கொள்ளி வைத்தேன். சுடுகாட்டிலிருந்து திரும்பும்போது பிரதமர் போனில் வந்தார்.

"நான் அழுதேனா?"

"அழுதீங்க ஐயா."

"தங்கச்சி என்ன சொன்னா?"

"சரின்னு சொன்னாங்க."

"மனசு லேசாயிருக்கு. நான் கொஞ்ச நாள் இங்கயே இருக்கேன். நீங்க இருங்க," என்று வைத்துவிட்டார்.

என் வீட்டுக்குப் போகலாமா என்று பரஞ்சோதியிடம் கேட்டேன். துக்கம் விசாரிக்கப் பிரதமர் தாராளமாகப் போகலாம் என்றார். அப்படித்தான் அப்பா இறந்தது எனக்குத் தெரிந்தது.

தெருவில் போலீஸ் நின்றது. உள்ளே குலசேகரன் என் வேட்டியைக் கட்டிக்கொண்டு அப்பாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். கண் வீங்கியிருந்தது. கோமளா என்னைப் பார்த்ததும் எழுந்து கும்பிட்டாள்.

"ஐயா நேர்ல வருவீங்கன்னு எதிர்பார்க்கலை," என்றாள்.

அப்பாவின் காலைத் தொடக் குனிந்தேன். பிரதமர் குனியக் கூடாது என்று பாதுகாப்பு அதிகாரி தோளைப் பிடித்து நிமிர்த்தினார்.

"கடைசியா ஏதாவது சொன்னாரா?" என்று கேட்டேன்.

"மகன் எங்கேன்னு கேட்டுக்கிட்டே இருந்தார். இவர் வந்து கையைப் பிடிச்சதும் அடங்கிட்டார்."

"மகன்னு நம்பினாரா?"

"முதல்ல கையை உதறினார். அப்புறம் பிடிச்சுக்கிட்டார்."

நாட்டின் சார்பில் ஆழ்ந்த இரங்கல் என்று சொன்னேன். குலசேகரன் தலையாட்டினார். போட்டோ எடுத்தார்கள். வெளியே கார்க் கதவைத் திறந்து வைத்திருந்தார்கள். ஏறிக்கொண்டேன்.