தனியாக ஒரு ராத்திரி, பின்னால் ஒரு வேன்

தூபா படித்த பிரெஞ்சு நாவல்களில், தமிழில் வந்தவைதான், யாராவது ஒருவர் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார். கோதுமை வயல் ஓரமாகக் கூடாரம் அடிப்பார், ரொட்டியும் சீஸும் தின்பார், யாரும் அவரிடம் "எங்கே போற, எப்ப வருவ?" என்று கேட்கமாட்டார்கள். இந்தக் கடைசி விஷயம்தான் தூபாவுக்கு ரொம்பப் பிடித்தது.

பிரான்ஸ் கிராமங்களில் தனியாக சைக்கிளில் சுற்றப்போகிறேன் என்று அவள் சொன்னபோது, வாணியம்பாடியில் தோல் வியாபாரம் செய்யும் அவளுடைய அப்பா ஃபரூக் அதிரவில்லை. வியாபாரி அல்லவா, பேரம் பேசினார்.

"மொதல்ல நம்ம ஜவ்வாது மலையில ஒரு ராத்திரி தனியா டென்ட்ல தங்கிக் காட்டு. அப்புறம் பாஸ்போர்ட்டு. ஆனா தனியான்னா தனியாதான். பக்கத்துல ஒருத்தர் இருந்தாலும் கணக்குல வராது."

"சரி அத்தா. நீங்களும் பின்னால வரக்கூடாது."

"நான் எதுக்கு வர்றேன்? எனக்கு வேற வேலை இல்ல?"

இப்படித்தான் தூபா பச்சை சைக்கிளில் கூடாரத்தையும் பன்னையும் சீஸ் டப்பாவையும் கட்டிக்கொண்டு, மூச்சு வாங்க மலைப் பாதையில் ஏறிக்கொண்டிருந்தாள். புதூர்நாட்டுக்கு முன்னால் ஒரு டீக்கடை. அவள் வாயைத் திறக்கும் முன்பே கடைக்காரர் ராஜாக்கண்ணு கிளாஸை நீட்டினார்.

"சர்க்கரை கம்மியா போட்டிருக்கேன்மா."

"எனக்குக் கம்மியா வேணும்னு ஒங்களுக்கு எப்படித் தெரியும்?"

"வெள்ளை வேன்ல ஒங்க அத்தா வந்தாரு. பச்சை சைக்கிள்ல ஒரு பொண்ணு வரும், டீ குடுங்க, நான் சொன்னேன்னு மட்டும் சொல்லாதீங்கன்னாரு."

"சொல்லிட்டீங்களே!"

"நீ கேக்கறியே. பொய்யா சொல்லச் சொல்ற?"

அடுத்த கொண்டை ஊசி வளைவில் அவளுக்கு முதலில் கிடைத்தது வாசனை. பிரியாணி வாசனை. ஃபரூக் வீட்டில் ஏலகிரிக்குப் போனாலும் சரி, பல் டாக்டரிடம் போனாலும் சரி, தேக்சா நிறையப் பிரியாணி ஏறாமல் வண்டி நகராது. தூபா சைக்கிளைப் பாறை மறைவில் சாய்த்துவிட்டு எட்டிப் பார்த்தாள். புளியமரத்தடியில் வேன். அம்மா ஃபரீதா துப்பட்டாவால் விசிறிக்கொண்டிருந்தாள். அம்மாவின் தம்பி, அதாவது மாமு, ஒரு புளியங்கொப்பை முகத்துக்கு நேராகப் பிடித்தபடி சாலையைக் கண்காணித்துக்கொண்டிருந்தார். கொப்பு முகத்தை மறைத்தது. தொப்பையை மறைக்கவில்லை.

நேரே போய்ச் சண்டை போடலாம். ஆனால் அத்தா என்ன சொல்வார் என்று அவளுக்குத் தெரியும். "நாங்க பக்கத்துல இருந்தோம். அப்ப நீ தனியா இல்ல. கணக்குல வராது." அதோடு பிரான்ஸும் காலி.

அப்போது தலையில் பலாப்பழத்தோடு ஒரு அம்மாள் வந்தாள். மேலே தெரிந்த குடிசைகளைச் சேர்ந்தவள். பெயர் பாஞ்சாலி.

"இன்னாம்மா, பாறைக்குப் பின்னால ஒளிஞ்சிருக்க?"

தூபாவின் தலைக்குள் ஒரு குட்டிச் சைத்தான் குந்தியிருந்தது. அது உடனே பேசியது.

"அக்கா, அந்த வேன்ல வந்திருக்கறவங்க ஒங்க ஊருக்கே பிரியாணி கொண்டாந்திருக்காங்க. ஆனா கூச்சம் ஜாஸ்தி. தாங்களா சொல்லமாட்டாங்க. இல்லன்னுகூடச் சொல்வாங்க."

"ஐயோ, நல்ல மனுசங்களா இருக்காங்களே. அப்ப நாங்களும் சும்மா அனுப்ப முடியாது. எங்க ஊர்ல சோறு போட்டவங்களுக்கு மறுசோறு போட்டு, ராத்திரி தங்கவெச்சுத்தான் அனுப்புவோம். எழுந்து போனா ஊருக்கே அவமானம்."

தூபாவுக்கு அந்த அம்மாளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. பலாப்பழம் தடுத்தது.

கொஞ்ச நேரத்தில் ஊரே தட்டோடு இறங்கி வந்தது. ஃபரூக் இரண்டு கையையும் ஆட்டினார்.

"இல்லீங்க, இல்லீங்க! இது வூட்டுக்குச் செஞ்சது!"

"கூச்சப்படாதீங்க பாய்," என்றாள் பாஞ்சாலி.

அதற்குள் ஃபரீதா மூடியைத் திறந்துவிட்டாள். தேக்சாவை ஒருவர் பார்த்துவிட்டுப் பசியோடு திரும்புவதை அவள் ஆயுளில் அனுமதித்ததில்லை. "மாமு, கரண்டி எங்கே? தால்ச்சாவ எடு!" என்று, மகள் கூப்பிடுவது போலவே தம்பியை மாமு என்று அழைத்து விரட்டினாள். பரிமாறி முடித்தபோது வேன் சாவி பாஞ்சாலியின் முந்தானையில் முடிச்சாகியிருந்தது. மறுசோற்றுக்கு இரண்டு கோழி பிடித்தார்கள். ஹலாலாக இருக்கட்டும் என்று அவற்றை மாமு கையாலேயே அறுக்கச் சொன்னார்கள்.

இந்தச் சந்தடியில் தூபா யார் கண்ணிலும் படாமல் மேட்டைத் தாண்டி, அந்தப் பக்கச் சரிவில், சாமை முளைத்திருந்த நிலத்தோரமாகக் கூடாரம் அடித்தாள். கண்ணுக்கெட்டிய வரை ஒரு ஆள் இல்லை. நாவலில் வருவது போலவே இருந்தது, சீஸைத் தவிர. அது துணி சோப்பு மாதிரி இருந்தது. காற்று திரும்பும்போதெல்லாம் மேட்டுக்கு அந்தப் பக்கமிருந்து பிரியாணி வாசனையும் மாமுவின் சிரிப்பும் வந்தன. இருமுறை எழுந்து செருப்பைக்கூட மாட்டினாள். பிறகு பிரான்ஸை நினைத்துக்கொண்டு, பன்னைக் கடித்துக்கொண்டு, அப்படியே படுத்துவிட்டாள்.

விடிந்ததும் ஊருக்குள் சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தாள். கயிற்றுக் கட்டிலில் ஃபரூக், மடியில் பலாப்பழத்தோடு, தூக்கம் கெட்ட முகத்தோடு உட்கார்ந்திருந்தார். மகளைப் பார்த்ததும் எழுந்தே விட்டார்.

"எங்கடி இருந்த? ராத்திரி மாமுவ ரெண்டு தடவ அனுப்பித் தேடினேன். சுத்துவட்டாரத்துல ஒரு ஈ காக்கா இல்லன்னு வந்தான்!"

சொன்ன பிறகுதான் நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"அப்ப நான் தனியாதான் இருந்தேன்," என்றாள் தூபா. "சாட்சி நீங்களே. ஆமா, நீங்க எதுக்கு அத்தா இங்க வந்தீங்க?"

"நானா? பலாப்பழம் வாங்க வந்தேன்."

பாஞ்சாலி முந்தானையை வாயில் வைத்துச் சிரித்தாள். ஃபரூக் பழத்தையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். வியாபாரத்தில் வாக்கு மாறாதவர் அவர்.

"சரி. திங்கட்கிழமை பாஸ்போர்ட்டுக்குப் போடு."

தூபா துள்ளி முடிப்பதற்குள், காலித் தேக்சாவைக் கழுவிக்கொண்டிருந்த ஃபரீதா நிமிர்ந்தாள்.

"ஏங்க, அந்த ஊர்ல சீரகச் சம்பா அரிசி கெடைக்குமா, இல்ல இங்கேருந்தே எடுத்துட்டுப் போய்டலாமா?"